சோளகம் தின்னும் இரும்பு

யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன்னில் ஒரு பழைய உளியைக் கறள் போகத் தேய்த்து, மினுக்கி, எண்ணெய் பூசி வைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று இருக்க முடியாது. சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிச் சில வாரங்களில் அதே இடங்களில், அதே வடிவில் செம்மஞ்சட் புள்ளிகள் மீண்டும் எழும்பும். அதே உளி, அதே எண்ணெயோடு கண்டியில் ஒரு வீட்டுக்குள் இருந்தால் நெடுங்காலம் குலையாமல் இருக்கும். பழைய கைக்கருவிகளைத் திருத்துவது பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வழிகாட்டிகள் கறளை நீக்கப் பல வழிகளைச் சொல்கின்றன. தீவகத்தில் கறள் இரண்டாவது பிரச்சினை. முதலாவது உப்பு. உப்பை எடுக்காமல் கறளை மட்டும் எடுப்பவர் ஆண்டுதோறும் அதே கருவியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தேய்ப்பிலும் எஃகு மெலியும். சில ஆண்டுகளில் கருவியே இராது.

இந்தத் தீவில் பழைய கருவிகள் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே ஊர்காவற்றுறை, பாய்க்கப்பல் காலத்துத் துறைமுகம். தோணியும் வத்தையும் வந்து தங்கிய இடத்தில் அவற்றைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தச்சரும் கொல்லரும் கலப்பற்று வேலைக்காரரும் வேண்டியிருந்தது. வடபகுதியின் கப்பல் தச்சு எந்த அளவுக்குத் தேர்ந்திருந்தது என்பதற்கு வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த ‘அன்னபூரணி’ சாட்சி. அக்காலத் தச்சரின் பெட்டியில் இருந்தவை வாய்ச்சி, உளி, துறப்பணம், வாள், சீவுளி, கொட்டாப்புளி. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணிக்கும் கலப்பற்று உளியும் கூட இருக்கும். கரையிலிருந்து சற்று உள்ளே வந்தால் பனையேறுபவரின் பாளைக்கத்தி, பெட்டி இழைக்கும் பெண்களின் சத்தகம், வீட்டுக்கு வீடு பாக்குவெட்டி, அலவாங்கு, பிக்கான்.

பின்னர் நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. மரப்படகின் தேவை குறைந்தது. 1990இல் போர் தீவகத்துக்குள் வந்தபோது மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். கருவிப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஓடியவர் குறைவு. பூட்டிய வீடுகளில், ஓடு சரிந்த பின்விறாந்தைகளில், கிணற்றடிக் கொட்டில்களில் அந்த இரும்பு பல சோளகங்களைக் கண்டது. இன்று ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் வந்து வளவைத் துப்புரவாக்கும்போது அது வெளியே வருகிறது. வந்த வேகத்தில் சாக்கில் கட்டப்பட்டுப் பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் ஏறுகிறது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களோடு கைக்கருவிகளும் தேடுபவர் கண்ணில் படும். தீவகத்தில் அத்தகைய சந்தை இல்லை. இங்கே வேலி ஓரத்துச் சாக்குத்தான் சந்தை.

அந்தச் சாக்கைக் கிண்டுவதற்கு முன் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. போர் நடந்த மண்ணில் கறள் பிடித்த எல்லா இரும்பும் கருவி அல்ல. உருளையாக, கூம்பாக, இறக்கை வைத்ததாக, என்னவென்று தெரியாததாக ஒரு பொருள் கிடந்தால் அதைத் தொடவோ தட்டிப் பார்க்கவோ கூடாது. இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவிக்க வேண்டும். பழைய இரும்பு பொறுக்கப் போய் உயிரையும் கையையும் இழந்தவர்கள் வடக்கில் இருக்கிறார்கள்.

இனி, நல்ல கருவியை எப்படி அறிவது? கறளின் கனத்தைப் பார்த்துக் கைவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அது தவறு. இரும்பு கறளாக மாறும்போது ஒட்சிசனையும் நீரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் பருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் தடித்த கறளுக்குக் கீழே இழக்கப்பட்ட இரும்பு அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. தோற்றம் சொல்வதைவிட இழப்பு எப்போதும் சிறியது. பார்க்க வேண்டியது எங்கே இழந்திருக்கிறது என்பதை. உளிக்கும் சீவுளி அலகுக்கும் வெட்டுவாய் இரண்டு முகங்கள் கூடும் கோட்டில் பிறக்கிறது. சரிவான முகத்தில் குழிகள் இருந்தால் கவலை இல்லை, தீட்டும்போது அவை போய்விடும். தட்டையான பின்முகத்தில், வாயை ஒட்டி ஆழக் குழி விழுந்திருந்தால் வாய் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியில் சிதையும். அந்தப் பகுதியைக் கடந்து பின்னே போகும்வரை அரைக்க வேண்டும். அதற்கு நீளம் மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாளைக் கண்மட்டத்தில் பிடித்துப் பின்விளிம்பு வழியே பார்த்தால் நெளிவு தெரியும். வளைந்த வாள் நிமிரும், மடிந்து முறிப்பு விழுந்த வாள் நிமிராது.

வார்ப்பிரும்பு உடலுள்ள சீவுளியில் தேட வேண்டியது வெடிப்பு. வார்ப்பிரும்பில் காபன் மெல்லிய தகடுகளாகப் பிரிந்து உள்ளே கிடக்கிறது. விழுந்தால் வளையாது, அந்தத் தகடுகளின் வழியே பிளக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண ஒரு பழைய உபாயம் இருக்கிறது. துடைத்த பரப்பில் மண்ணெண்ணெய் பூசிச் சற்றுப் பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சோக்குத் தூளைத் தடவ வேண்டும். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே ஊறி வெண்மையில் ஒரு கருங்கோடாகத் தெரியும். தொழிற்சாலைகளில் பொறிப்பாகங்களைச் சோதிக்க இன்று பயன்படும் சாயமுறையும் இதே தத்துவந்தான்.

எஃகா வெறும் இரும்பா என்று அறிய ஒரு சிறிய அரம் போதும். கடினமாக்கிய எஃகில் அரம் வழுக்கும், மெல்லிரும்பில் கடிக்கும். பழைய ஷெஃபீல்ட் உளிகளிலும் அலகுகளிலும் பக்கவாட்டை லேசாகத் துடைத்தால் நீளவாக்கில் ஒரு கோடு தெரிவதுண்டு. மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை இரும்போடு உலையில் ஒட்டி அடித்த இடம் அது. எஃகு விலையாக இருந்த காலத்தில் வெட்டுவாய்க்கு மட்டும் எஃகு, மற்றதற்கு இரும்பு. கடின எஃகு வாயைக் காக்க, மெத்தென்ற இரும்பு அடியைத் தாங்கும். கறள் அரித்த பழைய அடிப்பிரும்பு மரத்தின் நார் போல வரிவரியாகத் தெரிந்தால் அதுவும் நல்ல அடையாளம். அடித்து நீட்டிய இரும்புக்குள் கசடு இழைகளாக ஓடியிருப்பதால் வரும் தோற்றம் அது. ஸ்டான்லி, ரெக்கோர்ட் போன்ற முத்திரைகள் தெரிந்தால் விலை கூடும் என்பது உண்மை. ஆனால் கம்மாலையில் அடித்த பெயரில்லா வாய்ச்சியை நான் அவற்றுக்குக் கீழே வைக்க மாட்டேன். லொறி வில்லுத்தகட்டில் அரை வீதத்துக்கு மேல் காபன் உண்டு. பழைய அரத்தில் அது ஒரு வீதத்தைத் தாண்டும். கொல்லர்கள் எதிலிருந்து எதை அடிக்கலாம் என்பதைத் தீப்பொறியின் நிறத்திலும் தட்டும் சத்தத்திலும் அறிந்து வைத்திருந்தார்கள். ஸ்டான்லி சீவுளி ஆயிரக்கணக்கில் உலகெங்கும் கிடைக்கிறது. அந்தக் கம்மாலை வாய்ச்சி ஒன்றுதான் இருக்கும்.

இங்கே ஊரின் மகன் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1913இல் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679ஆம் ஆண்டு அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து உலகறியச் செய்தார். நூல் அங்கேயே இருந்தது. அது என்னவென்று தெரிந்த கண்தான் வர வேண்டியிருந்தது. சாக்குக்குள் கிடக்கும் கருவியின் நிலையும் அதுவே.

இப்போது உப்புக்கு வருவோம். இரும்பு கறள் பிடிப்பது ஒரு மின் நிகழ்ச்சி. ஈரம் படிந்த இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் இலத்திரன்களை விட்டுவிட்டு அயன்களாகக் கரைகின்றன. அந்த இலத்திரன்களை அதே இரும்பின் இன்னோரிடத்தில் ஒட்சிசனும் நீரும் வாங்கிக்கொள்கின்றன. தூய நீர் மின்னைச் சரியாகக் கடத்தாது. ஆகவே மழை நனைத்த இரும்பு மெதுவாகவே கெடும். கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள், அதில் 19 கிராம் குளோரைட்டு. அது மின்னைத் தாராளமாகக் கடத்தும்.

ஆனால் கடத்துவது மட்டும் குளோரைட்டின் வேலை அல்ல. இரும்பில் ஒரு சிறு குழி விழுந்தால் உள்ளே நேரேற்றமுள்ள இரும்பு அயன்கள் சேரும். அந்த ஏற்றத்தைச் சமப்படுத்த வெளியிலிருந்து குளோரைட்டு அயன்கள் உள்ளே இழுக்கப்படும். குழிக்குள் இரும்புக் குளோரைட்டு உண்டாகி, நீரோடு தாக்கமுற்று ஐதரோகுளோரிக்கமிலத்தைப் பிறப்பிக்கும். அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கும், மேலும் குளோரைட்டு உள்ளே வரும். இந்தச் சுற்றில் குளோரைட்டு செலவாவதே இல்லை. அதனால்தான் நகக்கண்ணளவு உப்பு ஒரு பெரிய அலகைத் தின்றுவிட முடிகிறது. அது தங்குவதும் கறளுக்கு அடியில், உலோகம் தொடங்கும் இடத்தில். மேலே எவ்வளவு தேய்த்தாலும் குழியின் அடியில் இருப்பதை உப்புத்தாள் தொடாது. சில பழைய இரும்புகளில் ஈரமான நாளில் மஞ்சட் துளிகள் முத்துமுத்தாக அரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருக்கும் இரும்புக் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே கசிவது அது.

காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதிலும் உப்பு வல்லது. கறியுப்பு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே கரைந்து நீராகும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியங் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். கரம்பொன்னின் இரவுகள் பெரும்பாலும் முதல் எல்லையையே தாண்டிவிடும். இரண்டாவது எல்லைக்குக் கீழே இங்கே காற்று போவதே இல்லை. ஆகவே உப்புப் படிந்த இரும்பு, மழை துளிகூட விழாத ஆடி மாதத்திலும் நனைந்தபடியே இருக்கிறது. சோளகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீற்றரைத் தாண்டும்போது கடலில் வெண்ணுரை எழும்பும். நுரையின் குமிழிகள் வெடித்து உப்புநீர்த் துகள்களை மேலே எறியும். பெரிய துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும், நுண்ணியவை உள்ளே போகும். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் உள்ளே என்று சொல்ல அதிக தூரம் இல்லை.

இதே காற்றுக்கு இன்னொரு முகம் உண்டு. தெற்கே பலாங்கொடைக்கு அருகில் சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், மேற்கு நோக்கிய உலைகளின் வரிசையைத் தொல்லியலாளர் கில் யூலெவ் ஆராய்ந்தார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு அங்கே இரும்பு உருக்கினார்கள். 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையான காலம். சரிவின் விளிம்பில் கட்டிய உலைச்சுவரின் மேலாகக் காற்று பாயும்போது உள்ளே அமுக்கம் குறைந்து, உலைமுகப்பின் குழாய்களால் காற்று இழுபடுகிறது. அவர் அத்தகைய உலையொன்றை மீளக் கட்டி உருக்கிக் காட்டினார். அதில் உயர்காபன் எஃகே நேரடியாகக் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீப எஃகைக் குறிப்பிட்டதும் நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகின் இரகசியத்தை அறிய 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்து அறிவியலாளர்கள் முயன்றார்கள். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பரடே 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை ஆராய்ந்தார். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் மூசையெஃகை வேறு வழியில் செய்யத் தொடங்கியிருந்தார். அந்த ஊர் எஃகு பின்னர் கப்பலேறி நம் தச்சரின் பெட்டிக்கு வந்தது. சமனலவெவவில் எஃகை ஆக்கிய காற்றும் கரம்பொன்னில் எஃகை அழிக்கும் காற்றும் ஒன்றே.

உப்பை எடுப்பது எப்படி என்பதைக் கப்பற்சிதைவுகளோடு பழகியவர்களிடம் கற்க வேண்டும். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் அவொண்ட்ஸ்டரை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, மீட்ட பொருள்களைப் பேணவென்றே காலியில் ஓர் ஆய்வுகூடம் இருந்தது. 2004 ஆழிப்பேரலை அதை அழித்தது. அமெரிக்காவில் 2000இல் தூக்கிய ஹன்லி நீர்மூழ்கியை 2014இல் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அமிழ்த்தினார்கள். 2002இல் தூக்கிய மொனிற்றர் போர்க்கப்பலின் பீரங்கிக் கூண்டு இருபது ஆண்டுகள் கடந்தும் காரநீரில் கிடந்தது. நோக்கம் ஒன்றே: காரத்தில் இரும்பு கெடாது, அந்த அமைதியில் குளோரைட்டு மெல்ல வெளியேறும். காரக் கரைசலின் ஐதரொட்சைட்டு அயன்கள் கறளுக்குள் புகுந்து குளோரைட்டு இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

வீட்டில் இதற்குச் சலவைச் சோடா, அதாவது சோடியங் காபனேற்று, போதும். அப்பச்சோடா வேறு. அதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் வெறுஞ்சட்டியில் நன்றாக வறுத்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் போய்ச் சலவைச் சோடாவாகும். ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் கணக்கு. பிடியைக் கழற்றி, உதிரும் கறளைத் தட்டிவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் கருவி முழுதாக அமிழும்படி வைக்க வேண்டும். நாகம் பூசிய வாளியும் அலுமினியப் பாத்திரமும் ஆகாது, காரம் அவற்றைத் தின்னும். எந்த நீர் என்பதும் முக்கியம். தீவகக் கிணறுகளில் பல உவர். உப்பை எடுக்க உப்புநீரில் ஊறவைப்பதில் பயன் இல்லை. மாரியில் பிடித்துவைத்த மழைநீரே இதற்கு உகந்தது. வாரத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். சூடாக வைத்திருந்தால் அயன்களின் ஓட்டம் விரைவுபடும்.

எப்போது போதும் என்று அறிய உயர்தர வகுப்பில் படித்த சோதனை ஒன்று கைகொடுக்கும். ஊறிய நீரில் சிறிது எடுத்து, நுரைப்பது நிற்கும்வரை ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சில துளி சேர்த்தால், குளோரைட்டு இருந்தால் பால்போல் கலங்கும். அமிலம் விடாமல் சோதித்தால் காபனேற்றே கலங்கி ஏமாற்றிவிடும். கருவி போடாத புதிய சோடாக் கரைசலிலும் அதே சோதனையைச் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத வாரம் வேலை முடிந்த வாரம். கடலடியில் கிடந்த பீரங்கிக்கு ஆண்டுகள் ஆகும். காற்றின் உப்பை மட்டும் கண்ட உளிக்குச் சில வாரங்கள் பெரும்பாலும் போதும்.

மின்பகுப்பு இதே வாளியில் வேகமாக நடக்கும். பற்றரி சார்ஜர் ஒன்றின் எதிர்முனையைக் கருவிக்கும் நேர்முனையை ஒரு வெறும் இரும்புத் துண்டுக்கும் கொடுக்க வேண்டும். கருவியின் பரப்பில் ஐதரசன் குமிழிகள் எழும்பிக் கறளைத் தளர்த்தும், செங்கறளின் ஒரு பங்கு கரிய மக்னற்றைற்றாக மாறும். எதிரேற்றமுள்ள குளோரைட்டு நேர்முனையை நோக்கி இழுபடும். கரைந்துபோன இரும்பு திரும்பி வந்து ஒட்டாது. குழி குழியாகவே இருக்கும். நேர்முனைக்குத் துருவேறா எஃகைப் போடவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் ஆறுவலுவளவுள்ள குரோமியம் நஞ்சு, புற்றுநோய் தருவது. ஐதரசன் எரியும் வாயு என்பதால் திறந்த வெளியில் செய்வதும், மின்னைத் துண்டித்த பின்பே கையை விடுவதும், பிள்ளைகளைத் தள்ளி வைப்பதும் கட்டாயம்.

தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தால் கறள் போகும் என்று வீடுகளில் சொல்வார்கள். போவது உண்மை. அமிலமும் குளோரைட்டும் சேர்ந்தால் எதுவும் போகும். ஆனால் அது நோயையே மருந்தென்று பூசுவது. குழிகளுக்குள் புது உப்பை நாமே ஏற்றிவிடுகிறோம். உப்பில்லாத வினாகிரியோ புளிக்கரைசலோ பாதகமில்லை. வினாகிரியின் அசற்றிக்கமிலமும் புளியின் தாத்தாரிக்கமிலமும் கறளைக் கரைக்கும். ஆனால் அவை நல்ல இரும்பையும் மெதுவாகக் கரைக்கும், ஒரு நாளுக்கு மேல் விடக்கூடாது. வாள் போன்ற மெல்லிய கடின எஃகில் அமிலத்தால் பிறக்கும் ஐதரசன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யக்கூடும், ஆகவே வாளுக்கு அமிலம் வேண்டாம். அமிலத்தில் போட்ட எதையும் பின்னர் சோடா நீரில் கழுவியாக வேண்டும். கடுக்காய்க் கஷாயம் வேறு வகை. அதிலுள்ள தனின், மிஞ்சிய கறளோடு சேர்ந்து கருநீலச் சேர்வையாகி ஒட்டிக்கொள்ளும். பழைய காலத்து எழுதுமையும் இதுவே. உப்பை எடுத்த பிறகு பூசினால் அருமையான காப்பு. எடுக்காமல் பூசினால் கருமைக்குக் கீழே அரிப்பு தொடரும்.

கிரைண்டரில் கம்பித் தூரிகையை மாட்டிச் சுழற்றுவதை நான் விரும்புவதில்லை. தயாரித்தவரின் முத்திரையும் உரிமையாளர் குத்திய எழுத்தும் முதலில் அதற்குத்தான் பலியாகின்றன. கரிய மக்னற்றைற்றுப் படலம் இரும்புக்கு ஓரளவு காவல், அதை வெள்ளியாக மினுக்க வேண்டிய தேவை இல்லை. சூடும் ஆபத்து. கடினமாக்கிய எஃகை ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் பதப்படுத்தும்போது பரப்பில் வைக்கோல் நிறம் வரும். 300 பாகையை எட்டினால் நீலம். உலர்ந்த சாணையில் அலகின் நுனி ஒரு கணம் நீலமானால் அந்த இடம் மெத்தென்றாகிவிட்டது. அந்தப் பகுதி முழுவதையும் அரைத்துத் தள்ளத்தான் வேண்டும். நீர் விட்டுத் தீட்டுக்கல்லில் கையால் தீட்டுவது மெதுவான வேலை, ஆனால் எஃகு கெடாது. பின்முகத்தைத் தட்டையாக்கிவிட்டு, சரிவை 25 முதல் 30 பாகைக்குள் வைத்தால் முதிரையையும் சீவும்.

பிடியும் உப்பைக் குடித்திருக்கும். இரும்பின் வால் மரத்துக்குள் கறளாகிப் பருத்து மரத்தைப் பிளந்திருப்பதை அடிக்கடி காணலாம். புதிய பிடிக்குப் பூவரசும் புளியும் நம் வளவுகளிலேயே உண்டு. வால் புகும் துளைக்குள் தேன்மெழுகை உருக்கி விட்டால் ஈரம் உள்ளே போகாது.

எண்ணெயில் ஒரு விளக்கம் வேண்டும். தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அதையே பூசுகிறோம். அதன் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிரம்பியவை. காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகாது, ஈரப்படலமாகவே நின்று தூசியையும் உப்பையும் பிடித்து வைக்கும். நாட்பட்டால் பிரியும் கொழுப்பமிலம் இரும்புக்கு நல்லதல்ல. கடையில் லின்சீட் ஓயில் என்று கேட்டால் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் நிரம்பாதது, ஒட்சிசனை வாங்கிச் சங்கிலியாகப் பிணைந்து திண்மப் படலமாகும். பிடிகளுக்கு அதுவே ஏற்றது. இந்த இறுகல் வெப்பத்தை வெளிவிடுவதால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்துவிட்டே எறிய வேண்டும். இரும்புக்கு என் தெரிவு தேன்மெழுகு. கழுவித் துடைத்த கருவியை நல்ல வெயிலில் சூடேற்றி, சூடு ஆறும் முன் தேய்த்துப் பூசினால் இளகிக் குழிகளுக்குள் இறங்கும்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சோளகம் அறையும் தெற்கு, மேற்குச் சுவர்களைத் தவிர்த்து, மூடியுள்ள தகரப்பெட்டியில் வையுங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் அதே கொட்டிலில் இருந்தால் அதன் ஆவி கடற்காற்றைவிடக் கெடுதி. கருவியைப் பயன்படுத்தியபின் வியர்வை பட்ட இடத்தை நல்ல நீரில் நனைத்த துணியால் துடைப்பதும் அவசியம், வியர்வையும் உப்பே.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வளவு துப்புரவாக்குவோரிடம் ஒரு வேண்டுகோள். சாக்கைத் தராசில் ஏற்றுமுன் ஒரு பிற்பகல் முழுக்க அதைப் பிரித்துப் பாருங்கள். யாருடைய கருவி, என்ன வேலைக்குப் பயன்பட்டது என்பதை ஊரில் இருக்கும் முதியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கட்டி வையுங்கள். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் இராது. தீவகப் பாடசாலைகளின் இரசாயனவியல் ஆசிரியர்களே, வெள்ளி நைத்திரேற்றுச் சோதனைக்கு இதைவிட நல்ல மாதிரி உங்களுக்குக் கிடைக்காது. மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கறட்கத்தியைக் கொண்டுவரட்டும், ஒரு தவணைக்குள் அது வெட்டும். திருத்தியதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஊரில் இன்னும் மரவேலை செய்பவர் ஒருவரிடம் கொடுங்கள்.